இந்தப் பிள்ளை இப்போது எந்தப் படியில்?

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காஞ்சியில் கல்வியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கடிகை என்ற பழைய உயர்கல்விக் கூடத்திலிருந்து தொடங்குவது வழக்கம். கதம்ப குலத்து மயூரசர்மன் வேதம் பயில இங்கே வந்ததைத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இந்த நகரைப் பற்றி எழுதி வைத்தார். அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் கடிகையின் வாசலுக்கு வந்தவன் ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவன். நான் இன்று பேச வந்திருப்பது ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றி. இன்னும் ஓர் எழுத்துகூடத் தெரியாத, அம்மாவின் முந்தானையை விட்டு இப்போதுதான் கையை எடுத்த பிள்ளையைப் பற்றி. அந்தப் பிள்ளைக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பிறகு வரும் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி எல்லாம்.

ஒரு தொடக்கப்பள்ளியில் கற்பித்தல் தரமாக நடக்கிறதா என்று அறிய நான் ஒரு வழியை நம்புகிறேன். வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளையைக் காட்டி ஆசிரியரிடம் கேட்பேன்: ஜூன் மாதம் இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியாமல் இருந்தது, இப்போது என்ன தெரிகிறது, அடுத்து என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்? முதல் வரிசைப் பிள்ளையைக் காட்டிக் கேட்டால் பயன் இல்லை. கடைசியில், சுவரோரம், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் காட்டிக் கேட்க வேண்டும். தடுமாறாமல் பதில் வந்தால் அது நல்ல வகுப்பு. கட்டடம், சுவர் ஓவியம், ஆண்டு விழா, ஸ்மார்ட் வகுப்பறை எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் இன்று சொல்ல நினைப்பது எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

இந்தக் கேள்விக்கு மிகத் துல்லியமாகப் பதில் சொல்லக்கூடிய ஓர் இடம் இந்த ஊரில் எப்போதும் இருந்தது. அது பள்ளிக்கூடம் அல்ல, தறி என்பது நம் துயரம். நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை இழையைக் கொண்டுபோகும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா ஓட வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் தனியாக இதைச் செய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கிப் போட வேண்டும். பல தலைமுறைகளாக அந்த இன்னொருவர் ஒரு பிள்ளை.

அந்தப் பிள்ளை எப்படிக் கற்றது? முதலில் தார் சுற்றியது. பிறகு அறுந்த இழையைப் பிணைத்தது. கை பழகிய பிறகே கரை நாடா கிடைத்தது. நாடா தவறினால் அந்த வரியிலேயே தெரிந்துவிடும். பெரியவர் தறியை நிறுத்தி, இழையைப் பிரித்து, மறுபடி போடச் செய்வார். ஒரு வேலை கைக்கு வராமல் அடுத்த வேலை கொடுக்கமாட்டார்கள். கெட்டுப்போவது அவர்களுடைய பட்டு அல்லவா? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

கற்பிக்கும் முறையாக மட்டும் பார்த்தால் இது உயர்ந்த முறை. ஆனால் அதை மட்டும் பார்க்க நமக்கு உரிமை இல்லை. முன்பணம் வாங்கிய குடும்பத்தின் பிள்ளை அந்தக் கடன் தீரும்வரை அடுத்தவர் தறியில் உட்கார்ந்தது. குழித்தறியின் ஈரமும், விடியலில் தொடங்கும் வேலையும், அடியும் சேர்ந்தே வந்தன. பட்டுத் தொழிலில் கொத்தடிமையாகக் கிடந்த பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அந்த அவமானத்தைத் துடைக்க இந்த மாவட்டத்தில் அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் ஆசிரியர்களும் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லாமல் நான் மேலே போக முடியாது.

தறியின் கற்பிக்கும் முறையைப் புகழ்ந்தால் குலக்கல்வியைப் புகழ்வதாக ஆகிவிடாதா என்று சிலர் நினைக்கலாம். நியாயமான ஐயம். 1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா அதை எதிர்த்த போராட்டத்தின் முன்வரிசையில் நின்றார். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அது சரியான முடிவு. நெசவாளி மகன் நெசவாளியாகத்தான் ஆக வேண்டும் என்று எந்த அரசும் நேர அட்டவணை போட்டு முடிவு செய்யக் கூடாது. நான் கேட்பது வேறு. தறி அந்தப் பிள்ளையின் மேல் வைத்த கவனத்தைப் பள்ளி வைக்க வேண்டும் என்கிறேன். பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்பி வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, அங்கே அது என்ன கற்கிறது என்று யாரும் பார்க்காமல் விட்டால், அந்தப் பிள்ளைக்கு நாம் செய்த நன்மை பாதிதான்.

பள்ளிக்கு வரவைக்கும் வேலையில் தமிழ்நாடு உலகத்துக்கே எடுத்துக்காட்டு. அந்த வேலையின் பெரிய கை ஒன்று இந்த மண்ணிலிருந்துதான் போனது. நெ.து. சுந்தரவடிவேலு நம் மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்தவர். காமராசர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்து, மதிய உணவுத் திட்டத்துக்கும் ஊர்தோறும் பள்ளி திறப்பதற்கும் உழைத்தவர். 1958இல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டை நடத்தினார். ஊர் மக்களே கரும்பலகை, மேசை, நாற்காலி, கடிகாரம், சீருடை என்று பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த மாநாடுகள் மாநிலம் முழுக்கப் பரவின. பள்ளிக்கூடம் ஊருடையது என்ற உணர்வை அவை விதைத்தன. அதற்கடுத்து 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பர் 15இல், அண்ணாவின் பிறந்த நாளில், மதுரையில் தொடங்கிய காலை உணவு. பசியோடு வந்த பிள்ளைக்கு எதுவும் ஏறாது என்பதை அறிந்து நூறு ஆண்டுகளாக ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி சேர்த்த வரலாறு இது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக் கட்சிக் காலத்தில் தொடங்கியது இது.

பிள்ளை வந்துவிட்டது, சாப்பிட்டும் விட்டது. அது என்ன கற்கிறது என்ற அடுத்த கேள்வியைக் கேட்க நமக்கு நீண்ட காலம் ஆயிற்று.

அதற்கான நல்ல பதில்களில் ஒன்று குழந்தைத் தொழிலாளர் பள்ளிகளிலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்தியபோது ஒரு சிக்கலைச் சந்தித்தார். அங்கே வந்த பத்து வயதுப் பிள்ளைகளில் ஒருத்திக்கு எழுத்தே தெரியாது. இன்னொருவன் இரண்டாம் வகுப்பு வரை படித்து நின்றவன். மூன்றாவது பிள்ளைக்குக் கணக்கு மனத்தில் வரும், எழுத வராது. எல்லாரையும் உட்காரவைத்து ஒரே பக்கத்தைத் திறக்கச் சொல்ல முடியாது. ஆந்திரத்து மதனப்பள்ளியை அடுத்த ரிஷி வேலியில், ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக அட்டைகளைக் கொண்டு ஒரு கற்றல் ஏணி அமைத்திருந்தார்கள். ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துப் பழகி வந்தார்கள். பிறகு விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையரானபோது, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அந்த முறை நுழைந்தது. 2007-08க்குள் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் போனது. அதுதான் செயல்வழிக் கற்றல். வேலையிலிருந்து மீண்டு வந்த பிள்ளைக்காக யோசித்தது எல்லாப் பிள்ளைக்கும் பயன்பட்டது.

அந்த வகுப்பறையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பெஞ்சு கிடையாது. பாயில் வட்டமாகப் பிள்ளைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னமும் எண்ணும் இருக்கும். சுவரில் தொங்கும் ஏணிப் படத்தில் தன் படியைத் தானே பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்காரும் பிள்ளை. ஒரு குழுவுக்கு ஆசிரியரின் முழு உதவி, அடுத்ததற்குப் பாதி, இன்னொன்றில் முன்னேறிய பிள்ளை பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை. ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம். மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தவை. எழுத்துகள்கூட அ, ஆ என்று தொடங்கவில்லை. எழுத எளிய ட, ப, ம போன்றவற்றில் தொடங்கி, சில நாட்களிலேயே 'படம்', 'பட்டம்' என்று பிள்ளை சொல்லையே வாசித்தது. நான்கு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்த பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடர்ந்தது. வகுப்பு தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்ற எண்ணமே அதற்கு வரவில்லை. இந்த ஒன்றுக்காக மட்டுமே அந்த முறையை நான் தலைமேல் வைத்துப் போற்றுவேன்.

ஆனாலும் பல பள்ளிகளில் அது வாடியது. அட்டைகள் கிழிந்தன, புதியவை வரவில்லை. ஓர் இடத்தில் ஆர்வத்தால் வளர்ந்த முறை, சுற்றறிக்கையாக வந்தபோது பல ஆசிரியர்களுக்கு வெறும் சடங்காயிற்று. சில வகுப்புகளில் ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பவராக மட்டும் ஒதுங்கினார். ஒரே அட்டையில் வாரக்கணக்கில் தங்கிய பிள்ளையை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து கேட்கும் கதையும் பாட்டும் குறைந்தன. 2012இல் முப்பருவ முறை வந்தபோது செயல்வழிக் கற்றலும் எளிமையாக்கப்பட்டது. ஏணி சுவரில் இருந்தது. அதில் பிள்ளை ஏறுகிறதா என்று பார்க்கும் கண் பல இடங்களில் இல்லை. முறைகள் இப்படிக் கவனத்தை விட்டுவிட்டுப் பயணம் போவது புதிதல்ல. 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் புகலிடத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு வியந்து, அதை 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் மலிவாக அடக்கிவைக்கும் வழியாக மாறிற்று. நம் திண்ணைப் பள்ளியில், சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளைக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் இருந்தார். கப்பலில் போனது ஏற்பாடு மட்டும்.

இப்போது பிள்ளை கற்றதா என்று எப்படி அறிவது என்ற இடத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் பொறுமையாக நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பெற்றோரும் அலுவலர்களும் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டைத் திறந்தால் முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியரின் சிவப்பு மை. பார்க்கிறவருக்கு மனம் நிறைந்துவிடும். அதே பிள்ளையிடம் அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னால் மேலிருந்து கீழே தடையில்லாமல் ஒப்பிக்கும். விரல் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். வாய் மூன்றாவது வரியில் இருக்கும்போது விரல் இரண்டாவது வரியில் இருக்கும். படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதுகிற கை, வாசிக்கத் தெரியாத கண்ணை மூன்று ஆண்டுகள்கூட மறைத்துவைக்க முடியும். இன்னொரு பிள்ளை 'தோடு' என்பதைத் 'தேடு' என்று வாசிக்கும். அதற்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதிவிடாதீர்கள். கொம்பைப் பார்த்தது, எழுத்தைத் தாண்டி நிற்கும் காலைப் பார்க்கவில்லை. முன்னாலும் பின்னாலும் குறி வரும் ஒகர, ஓகார எழுத்துகளில் ஒரு வாரம் விளையாடினால் அது சரியாகிவிடும். இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தேர்வில் ஒரே மதிப்பெண் வரலாம். முதல் பிள்ளைக்கு அடியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளை வாசல்வரை வந்துவிட்டது.

கணக்கிலும் அப்படியே. 52லிருந்து 38ஐக் கழிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை 26 என்று எழுதும். இரண்டில் எட்டு போகாது என்றதும் எட்டில் இரண்டைக் கழித்துவிட்டது. இன்னொன்று 24 என்று எழுதும். கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது, கடன் கொடுத்த ஐந்து நான்காகக் குறையும் என்பது தெரியவில்லை. மூன்றாவது 90 என்று எழுதும். குறியைப் பார்க்கவில்லை, கூட்டிவிட்டது. மூன்றுக்கும் பெருக்கல் குறி போட்டு 'தவறு' என்று எழுதினால் மூன்று பிள்ளைகளும் ஒன்றாகிவிடுகிறார்கள். முதல் பிள்ளைக்கு இடமதிப்பே வரவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கவைக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குப் பத்து ரூபாய்த் தாள் ஒன்றைச் சில்லறையாக மாற்றிக் காட்டினால் போதும். மூன்றாவது பிள்ளைக்குப் பாடமே வேண்டாம். மறுபடி பார் என்றால் சரியாகப் போட்டுவிடும். தறியில் உட்கார்ந்த பெரியவர் எந்த இழை தவறியது என்று பார்த்த பார்வைதான் இது. தவறைப் படிக்கத் தெரிந்த ஆசிரியரே தொடக்கப்பள்ளிக்குத் தேவை. பட்டங்கள் எத்தனை இருந்தாலும் இந்தப் பார்வைக்கு ஈடாகாது.

மாநிலம் முழுக்க நிலை என்ன? ஏசர் என்ற கல்விநிலைக் கணக்கெடுப்பில், கிராமத்து வீடுகளுக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தியை வாசித்தவர்கள் 2018இல் 100க்குச் சுமார் 10 பேர். கொரோனாவுக்குப் பிறகு, 2022இல், 5 பேருக்கும் குறைவு. 2024இல் அது மறுபடி ஏறியிருக்கிறது. இந்தக் கணக்கெடுப்பின் முறையைப் பற்றி வாதங்கள் உண்டு. அந்த வாதங்கள் நடக்கட்டும். அவரவர் வகுப்பில் அதே சோதனையைச் செய்து பார்க்க ஓர் ஆசிரியருக்கு அரை நாள் போதும். அது முடிந்ததும் அவர் கையில் சதவீதம் இருக்காது, பெயர்கள் இருக்கும். பெயர்கள் தெரிந்தால்தான் அடுத்த நாள் என்ன செய்வது என்று தெரியும்.

பெருந்தொற்றுக் காலம் இதை நமக்குக் கொடுமையாகக் கற்பித்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. இரண்டாம் வகுப்பில் வந்து அமர்ந்த பிள்ளை பள்ளியையே பார்த்ததில்லை. இந்த ஊரில் அப்போது தறிக்கும் வேலை இல்லை, பள்ளியும் இல்லை. அந்தச் சமயத்தில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருத்தெருவாகப் பெண்கள் பிள்ளைகளைச் சேர்த்து மாலையில் உட்காரவைத்தார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டின் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்திருந்தது. அந்த மீட்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மாலை மையங்களால் வந்தது என்று கணித்தார்கள். கல்லூரி முடித்த பக்கத்து வீட்டுப் பெண், ஒரு பாய், ஒரு விளக்கு, இருபது பிள்ளைகள். இந்தச் சிறிய ஏற்பாட்டால் அவ்வளவு நடந்தது என்றால், ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் ஒருவர் உட்கார்வதற்கு என்ன வலிமை என்று எண்ணிப் பாருங்கள். பிரதம் அமைப்பு வட மாநிலங்களில் பல ஆண்டுகளாகச் செய்ததும் இதுவே: வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவிட்டு, பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பது. 2019இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் அதைப் பலமுறை ஆய்வு செய்திருக்கிறார்கள்.

2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இதே வழியில் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பயிற்சி நூல். பாட்டு, கதை, கைப்பாவை எல்லாம் வகுப்புக்குத் திரும்பி வந்தன. நான் இதை முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் ஒரு மனக்குறையை இந்த மேடையில் சொல்லாமல் போனால் என் கடமையில் தவறியவன் ஆவேன். வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு எல்லாம் செயலியில் ஏற வேண்டும். எமிஸ் என்ற அரசின் கல்வித் தகவல் தளத்தில் வருகை, உடல்நலம், விலையில்லாப் பொருட்கள் என்று பதிவுகளுக்கு முடிவில்லை. நம் தொடக்கப்பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் மற்றவரிடம் ஐந்து வகுப்பும். அவர் கையில் கைப்பேசி, திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டம், எதிரே பிள்ளைகள். பிள்ளையின் நிலையை அறிவதற்காக உருவான பதிவு, பிள்ளையைப் பார்க்கும் நேரத்தையே எடுத்துக்கொள்கிறது. பதிவு வேண்டும், ஆசிரியருக்குத் திரும்பப் பயன்படுகிற அளவுக்கு மட்டும் வேண்டும். மேலே போகும் எண்களுக்காக இன்னொருவரை நியமியுங்கள்.

மேலிருந்து வரும் தேர்வு இதற்கு மாற்று ஆகாது. 2019இல் 5ஆம் வகுப்புக்கும் 8ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்து 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நல்லது. பத்து வயதில் தோற்றவன் என்று முத்திரை வாங்கிய நெசவாளர் பிள்ளைக்குத் தறி பக்கத்திலேயே காத்திருக்கிறது. 2016இன் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று வேறு வழி விட்டிருக்கிறது. இரவு பத்து மணி வரை கரை நாடா வாங்கிக் கொடுத்த பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கினால் அதைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல வேண்டாம்.

'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போட்டு அதே பெயர்களை ஐந்தாம் வகுப்புவரை சுமந்துகொண்டு போகும் வழக்கமும் நிற்க வேண்டும். பலர் மெல்லக் கற்பவர்களே அல்லர். வீட்டில் தெலுங்கு பேசும் நெசவாளர் பிள்ளைகள் உண்டு. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது நம் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். ஆறு மாதத்தில் தமிழில் சண்டை போடக் கற்றுக்கொண்ட பிள்ளையை யார் மந்தம் என்பார்கள்? எழுத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும், அவ்வளவே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தறியில் வாரக்கூலி வாங்கி, அதில் மிச்சம் பிடித்து, பிள்ளையை ஆங்கிலவழி நர்சரியில் சேர்க்கிறீர்கள். உங்கள் ஆசையைக் குறைகூற எனக்கு மனம் வராது. எந்தப் பள்ளியில் சேர்த்தாலும், டையையும் ரேங்க் அட்டையையும் பார்ப்பதற்கு முன், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று அதன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாவில் ஓர் இழை பிசகியதைக் கண்டுபிடிக்கும் கண் உங்களுடையது.

இந்த அறக்கட்டளையை நடத்துகிறவர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். 5ஆம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பரிசளிக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் மகிழட்டும். அதோடு இன்னொரு பரிசைத் தொடங்குங்கள். பிள்ளைக்கு அல்ல, வகுப்புக்கு. ஜூன் மாதம் வாசிக்கத் தெரியாமல் இருந்த எத்தனை பிள்ளைகள் மார்ச்சில் வாசிக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுங்கள். தேர்வுத்தாள் வேண்டாம். ஒரு நோட்டில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டே வரி எழுதட்டும், ஜூனில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் போய், அந்த நோட்டில் உள்ள சில பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கக் கேட்டால் சரிபார்த்தது ஆகிவிடும். பரிசுத்தொகை முழுவதும் அந்த வகுப்புக்குக் கதைப் புத்தகங்களாகப் போகட்டும்; பீரோவில் பூட்டி வைக்காமல் கயிற்றில் தொங்கவிடுவோம் என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த பிறகு போகட்டும்.

பிள்ளையார்பாளையத்திலும் முத்தியால்பேட்டையிலும் ஐயம்பேட்டையிலும் மாலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் வாசிப்புக் கூடம் நடத்த இடம் கேட்டால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தார் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். அங்கே உட்காரப்போகும் பெண்களுக்கு மாதந்தோறும் கௌரவமான ஒரு தொகையை அறக்கட்டளை தர முடியும். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் தாய்மார்களே, அடுத்த கூட்டத்தில் குடிநீர்க் குழாயையும் கழிப்பறையையும் பேசி முடித்த பிறகு, தலைமையாசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: எங்கள் பிள்ளைகளில் யார் யாருக்கு இன்னும் வாசிக்க வரவில்லை, அவர்களுக்கு இந்த மாதம் என்ன செய்யலாம், நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கடுத்த கூட்டத்தில் அதே பட்டியலை எடுத்துவந்து முதல் பெயரிலிருந்து கேளுங்கள்.